மறதி நோயும் முதுகுத்தண்டு நீரும்

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. நாற்பது ஆண்டுகளாக அப்பளம் இட்டுப் பழகிய கை. இப்போது உளுந்து மாவில் உப்பும் பிரண்டைச் சாறும் சேர்த்ததை மறந்து மறுபடியும் சேர்த்துவிடுகிறார். அந்தி நேரத்தில், முற்றத்தில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார். அல்சைமரா, வேறு வகை மறதி நோயா என்று அறிய முதுகில் நீர் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர். அப்படி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியைச் செலுத்துவதோ அதற்கும் கீழே. சிசேரியன் சிகிச்சையின்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, ஏறத்தாழ அதே இடம்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, உடலில் சுமார் 150 மில்லி இருக்கும் இந்த நீரில் 10 முதல் 15 மில்லிதான் எடுப்பார்கள். நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு உடல் புதிதாகச் சுரப்பதால் எடுத்த நீர் சில மணி நேரத்தில் ஈடாகிவிடும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் தணியும் தலைவலி சில நாள் இருக்கலாம். தாயார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, அந்த நீர் எதைக் காட்டுகிறது என்பதற்கு வருவோம். அல்சைமர் நோயில் பீட்டா அமிலாய்டு 42 என்னும் புரதம் மூளையில் திட்டுத் திட்டாகப் படிகிறது. தாமிரபரணிக் கால்வாயின் தலைமடையில் வண்டல் படிந்துவிட்டால் கடைமடைக்கு வரும் நீரில் வண்டல் குறைந்திருப்பதுபோல, மூளையில் அந்தப் புரதம் படியப் படிய முதுகுத்தண்டு நீரில் அதன் அளவு குறைகிறது. அதே நீரில் டாவ் என்னும் இன்னொரு புரதமும், குறிப்பாக அதன் பாஸ்பேட் ஏறிய வடிவமும் கூடுகின்றன. ஒன்று குறைந்து மற்றது கூடியிருந்தால் அல்சைமர் என்ற எண்ணம் வலுப்படும். அமிலாய்டு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் நீரைப் பாலிபுரொப்பிலீன் குழாயில்தான் பிடிக்க வேண்டும். தவறான குழாயில் பிடித்தால், இல்லாத நோய் இருப்பதாகக் கணக்கு வந்துவிடும்.

தாங்கள் எழுதியதில் என் மனம் நின்றது முற்றத்துக் குழந்தைகளிடத்தில்தான். இல்லாத உருவங்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது லூயி பாடி என்னும் வகை மறதி நோயின் முக்கியமான அறிகுறி. அதற்குரிய ஆல்ஃபா சினூக்ளின் புரதத்தையும் முதுகுத்தண்டு நீரில் கண்டறியும் சோதனை உண்டு, ஆனால் எல்லா ஆய்வகங்களிலும் அது கிடைக்காது. வகை தெரிவது எதற்கு என்றால், இந்த நோயாளிகளுக்கு உருவங்கள் தெரிகின்றன என்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிட்டால் உடல் விறைத்து, உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே, சோதனைக்கு முன்பே இந்த ஐயத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் கத்துகிறாரா, கையை வீசுகிறாரா, காலைத் தேய்த்து நடக்கிறாரா, ஒரு நாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருக்கிறாரா என்பதையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். அந்தத் தாளோடு சேர்த்துப் படித்தால்தான் ஆய்வக எண்களுக்குப் பொருள் உண்டு. ஏனென்றால் மறதியே இல்லாத முதியவர் சிலருக்கும் அமிலாய்டு குறைந்திருக்கும், லூயி பாடியும் அல்சைமரும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கும்.

பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு இவையெல்லாம் இல்லையென்று பார்த்தாகிவிட்டது என்றால் சோதனைக்குச் சம்மதிக்கலாம் என்பதே என் கருத்து. தாயாரிடமும், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, எதற்காக என்று சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

கேள்வி: இதற்கு இரத்தப் பரிசோதனை போதாதா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அல்சைமருக்கு மட்டும் வந்திருக்கிறது. பாஸ்பேட் ஏறிய டாவ் வகைகளில் ஒன்றான டாவ் 217, பீட்டா அமிலாய்டு 42 ஆகியவற்றின் விகிதத்தை இரத்தத்தில் அளக்கும் ஒரு சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு. மேலே சொன்ன தாயாரைப் போல லூயி பாடி என்ற ஐயம் இருப்பவர்களுக்கு அந்தச் சோதனை மட்டும் விடை தராது.