நீர்க்கரடி என்ற நுண்ணிய எட்டுக்கால் உயிர் காய்ந்தும் சாகாமல் இருப்பதற்கு ஒரே ஒரு புரதம்தான் காரணமா?

இல்லை. அந்த ஒற்றைப் புரதக் கதை 2016-க்குப் பிறகு பரவியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகேகாசு குனியேடாவின் குழு, நீர்க்கரடியின் டிசப் என்ற புரதத்தை மனித செல்களில் உருவாக வைத்துப் பார்த்தது. எக்ஸ்-கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பெரிய கண்டுபிடிப்புதான், ஆனால் டிசப் காப்பது டிஎன்ஏவை. காயும்போது மற்ற புரதங்களுக்கும் ஆபத்து வருகிறது. தண்ணீர் வற்றினால் அவற்றின் மடிந்த வடிவம் குலையும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவது மாதிரி. அதைத் தடுக்க நீர்க்கரடியிடம் வேறொரு புரதக் கூட்டமே இருக்கிறது. நீர் குறையக் குறைய அவற்றில் சில நார் நாராகச் சேர்ந்து கூழ்போல் ஆகி, செல்லைத் தாங்கிக்கொள்கின்றன.

என்னைக் கேட்டால், இதைப் புரிந்துகொள்ள நீர்க்கரடியைவிட ஆர்டீமியா நல்ல வழி. உப்பு ஏரிகளில் வாழும் குட்டி உயிர். அதன் காய்ந்த முட்டைகளை நான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். காற்றுப் போன பந்துபோல ஒரு பக்கம் குழிந்த பழுப்புத் துகள்கள், கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புநீர் பட்டதும் மெல்ல உப்பி உருண்டையாகும். அப்புறம் ஒருநாள் கழித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறக் குஞ்சு துடித்து நீந்துகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்த முட்டைக்குள் பி26 என்ற புரதம் குவிந்து கிடக்கிறது. மஞ்சள் கருவை விட்டுவிட்டால், மீதிப் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இதுதான். இது வெப்ப அதிர்ச்சிப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது; சூடு போன்ற நெருக்கடியில் செல்கள் உருவாக்கும் காவல் புரதங்கள் அவை. (பழ ஈக்களை வைத்திருந்த பெட்டியில் சூடு தவறுதலாகக் கூடியபோது இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரிட்டோசா கவனித்து 1962-இல் எழுதிய விஷயத்திலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது.) பி26 செய்யும் வேலை எளிமையானது. குலையத் தொடங்கும் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கட்டியாக விடாது. பிடித்து வைக்க, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவே இல்லை. உயிரியக்கம் ஏறக்குறைய நின்றுபோன முட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஆக்சிஜனே இல்லாமல் சுமார் நான்கு ஆண்டுகள் கிடந்த முட்டைகள்கூடப் பொரித்திருக்கின்றன. கூடவே ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் நீர் இருந்த இடத்தில் நின்று செல் சவ்வைக் காக்கிறது.

சரி, பொரித்த பிறகு? குஞ்சு வளரத் தொடங்கியதும் பி26 சிதைந்து மறைந்துவிடும். சூடுபடுத்தினாலும் திரும்ப உருவாகாது. முட்டையாக வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த அதே உயிர், நீந்தும் குஞ்சாக ஒருமுறை காய்ந்தால் செத்துவிடும்.