இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது யார்?

டி.என்.ஏ. அடிக்கடி பழுதாகும், உடம்பே சரிசெய்யும் என்கிறார்களே, நிஜமா? (சோமனூர்)

நிஜம்தான். விசைத்தறியில் பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரு முனையையும் விரலால் திரித்து முடிச்சுப் போட்ட பிறகுதானே ஓட்டுகிறீர்கள்? செல்லும் அப்படித்தான். வெயிலும் புகையும் மட்டுமல்ல, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். இப்படிச் சிதைந்தும் உயிர் நிலைக்கிறது என்றால் சரிசெய்கிற ஏற்பாடு உள்ளே இருந்தே தீர வேண்டும் என்று தேடிப் போனவர் சுவீடனில் பிறந்த தாமஸ் லிண்டால். பால் மோட்ரிச், அஜீஸ் சான்ஜார் இருவரோடு 2015 வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். பி.ஆர்.சி.ஏ. ஜீன் பழுதாம், அதனாலேயே ஓலபரிப் மாத்திரை கேட்கும் என்கிறார்கள். புரியவில்லை. (கோபி)

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால் சரிசெய்ய 'பார்ப்' என்ற புரதம் உண்டு. இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் பிழையில்லாமல் இணைக்க பி.ஆர்.சி.ஏ. வேண்டும். மாத்திரை பார்ப்பை முடக்குகிறது. சின்ன அறுப்புகள் அப்படியே கிடந்து, செல் பெருகும் நேரத்தில் இரட்டை அறுப்பாகின்றன. அம்மாவின் நல்ல செல்களில் பி.ஆர்.சி.ஏ. ஜீனின் இரு பிரதிகளில் ஒன்று சரியாக இருப்பதால் தப்பிக்கின்றன. புற்றுச்செல்லில் அந்தப் பிரதியும் போயிருக்கும், அது மடிகிறது. நோயை வரவழைத்த ஓட்டை வழியாகவே நோயை அடிக்கிறோம். 2005-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதை ஆய்வகத்தில் காட்டின. 2014-ல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இந்த மாத்திரையால் ரத்தம் குறையும், மாதாந்திர ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மிச்சிக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். எனக்கு 24 வயது. ஜீன் டெஸ்ட் எடுத்தால் கல்யாணம் தடைபடும் என்கிறார் அப்பா. (பெருந்துறை)

போன மாதம் ஒரு பெண் இதே டெஸ்டின் ரிப்போர்ட்டை எட்டாக மடித்து, பர்ஸில் சில்லறைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். பிரித்தபோது மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. முதலில் சித்திக்குப் பரிசோதனை செய்யுங்கள். அவரிடம் ஜீன் பழுது தெரிந்தால் அடுத்து அம்மா, பிறகு நீங்கள். அம்மாவிடம் இருந்தால் உங்களுக்கு வர 50 சதவீத வாய்ப்பு. அண்ணன் தம்பிக்கும் அதே அளவுதான். அப்பா வழியிலும் வரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழுது இருப்பது நோய் இருப்பதாகாது. இருந்தால் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பார்த்து, வந்தாலும் கடுகளவில் பிடிக்கலாம். அப்பாவை என்னிடம் கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன்.

ஈரோட்டு மஞ்சள் டி.என்.ஏ.வைச் சரிசெய்யுமா?

குழம்பில் தாராளமாகப் போடுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அப்பாவுக்குத் தொண்டையில் ரேடியேஷன் நடக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம் நிறுத்தலாமா? (காங்கேயம்)

வேண்டாம். கதிர் டி.என்.ஏ.வை அறுக்கிறது. நல்ல செல்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும், புற்றுச்செல் அந்த வேலையில் மட்டம். தினம் கொஞ்சமாகக் கொடுப்பது அதற்காகத்தான். ஒரு வாரம் விட்டால் மிஞ்சிய புற்றுச்செல்கள் மறுபடி பெருகும். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அப்பாவை அன்றைய வேளைக்குக் கூட்டிப்போங்கள். விடுமுறை என்று அந்தப் பிரிவே மூடியிருந்தால், விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.