லாபம் இல்லாத தோட்டம்

கேள்வி: ஓய்வு பெற்ற பின் நானும் என் கணவரும் வீட்டின் முன்புறச் சிமெண்டுத் தளத்தில் மல்லிகை, துளசி, கத்தரி, தக்காளி, கொத்தமல்லி என்று தொட்டிகள் வைத்து வளர்க்கிறோம். மாலையில் அவற்றின் நடுவே நாற்காலி போட்டுக் காபி குடிப்பதுதான் எங்கள் பொழுது. பங்குனி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன், "வேலூர் வெயிலில் லாபம் இல்லாத இந்தத் தோட்டம் எதற்கு?" என்கிறான். நாங்கள் நல்ல தண்ணீரை வீணாக்குவதில்லை, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைத்தான் ஊற்றுகிறோம். பச்சை வலை கட்டினால் செடிகள் கோடையைத் தாண்டிவிடுமா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: பச்சை வலைக்குப் பிறகு வருகிறேன், அம்மா. உங்கள் மகன் சொன்ன "இல்லாத" என்னும் சொல்லில் வேலூர்க்காரனாகிய நான் சிக்கிக்கொண்டேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு. பெண்களைப் பற்றியும் அதில் ஓர் உருப்படி இருக்கிறது. அதை நான் அச்சிடப் போவதில்லை. அதைச் சேர்த்தவன் வேலூரில் பெண்ணெடுத்து, தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து மனத்தாங்கலோடு திரும்பிய ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஊகம். இப்போது உங்கள் மகன் "லாபம் இல்லாத தோட்டம்" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார், அதுவும் பெங்களூரின் குளிர்ச்சியில் இருந்துகொண்டு.

அந்தப் பட்டியலில் எதுவும் நிரந்தரம் அல்ல என்பதை அவருக்குச் சொல்லுங்கள். கோட்டைக்குள் வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981 மார்ச் மாதத்தில் லிங்கம் திரும்பி வந்து சேர்ந்தபோதே "சாமி இல்லாத கோயில்" அடிபட்டுப் போயிற்று; அந்த லிங்கம் புறப்பட்டு வந்தது உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான். தண்ணீர் இல்லாத ஆறு என்பதை 2021 நவம்பரில் இரு கரை புரள ஓடிய பாலாறே சில நாட்களுக்குப் பொய்யாக்கிக் காட்டியது. ராஜா மட்டும்தான் திரும்பவில்லை. திரும்பினாலும் தம் கோட்டையில் ஓர் ஆணி அடிக்க அவர் தொல்லியல் துறையிடம் மனுப் போட வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் தோட்டமும் என்றாவது பட்டியலிலிருந்து நீங்கலாம். நீங்காவிட்டாலும் குற்றமில்லை. தொட்டி, செம்மண், தொழு உரம், வேப்பம்புண்ணாக்கு எல்லாவற்றின் விலையையும் கூட்டி, காய்த்த தக்காளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒரு தக்காளி ஏறக்குறைய ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசின் விலைக்கு வரும் என்பதால், தோட்டம் வைத்திருக்கும் விவரமுள்ளவர்கள் அந்த வகுத்தலைச் செய்வதேயில்லை. லாபம் வேண்டுவோருக்காக உழவர் சந்தை இருக்கிறது.

என் சண்டை உங்கள் மகனோடு அல்ல. நீங்கள் பெருமையோடு குறிப்பிட்டிருக்கும் கழிவு நீரோடுதான். அந்த இயந்திரம் உப்பை அழித்துவிடுவதில்லை. நீங்கள் குடிக்கும் நீரிலிருந்து பிரித்து, வெளியே விடும் நீரில் சேர்த்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பும் சுண்ணாம்புமாக வரும் ஊரில், அதைவிடச் செறிந்த நீரை நாள்தோறும் தொட்டியில் ஊற்றினால், வெயில் நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, இலையின் நுனியும் ஓரமும் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பலரும் அதை வெயிலின் குற்றம் என்று எண்ணி, அதே நீரை இன்னும் அதிகமாக ஊற்றிச் செடியைக் கொல்கிறார்கள். அந்த நீரால் வீட்டைத் துடையுங்கள், கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். செடிகளுக்கு அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் போதும். குறைந்தால், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்து ஊற்றுங்கள். பாலாற்றங்கரையில் இருக்கும் நாம் மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிறோம் என்பதை மட்டும் ஊற்றும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றைத் தொட்டால் நான் பக்கத்தை விட்டு இறங்க மாட்டேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு வருமுன் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறிகள் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றதற்கு அந்தத் தீர்ப்பு முக்கியமான காரணம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் வேலூரின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடம் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிணறுகளுக்கு மட்டும் அந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

இனி உங்கள் செடிகள். தக்காளியையும் கொத்தமல்லியையும் இந்தக் கோடைக்கு விட்டுவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கொத்தமல்லி தழைக்குமுன் பூத்துவிடும். வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அவற்றோடு மல்லுக்கு நிற்பது வீண். அந்த இடத்தில் தண்டுக்கீரை விதையுங்கள். கத்தரி வளர்ப்பதென்றால் நம் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரியை வளருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் நம் மாவட்டத்தில் இருக்கும்போது, பொட்டலத்தில் வரும் பெயர் தெரியாத விதை எதற்கு? "அழகுக்குக் குரோட்டன்ஸ் வைக்கச் சொல்லக்கூடாதா?" என்று காட்பாடியிலிருந்து வழக்கமான கடிதம் வரும். பூக்காமல், காய்க்காமல், மணக்காமல் நிற்கும் ஒன்றுக்கு வேலூரில் ஒரு குடம் தண்ணீர் கொடுக்க எனக்கு மனமில்லை என்பதே இவ்வாண்டும் பதில். இதில் என்னுடைய லாபக் கணக்கு எட்டிப் பார்க்கிறதே என்று அவர் கேட்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தொட்டிகளைச் சிமெண்டுத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, ஒன்றுக்கொன்று நிழல் தரும்படி நெருக்கி வையுங்கள். மண்ணின்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ பரப்பி, விடியற்காலையில் நீர் ஊற்றுங்கள். வலையைச் சித்திரையில் கட்டினால் போதும். அதையும் மேற்குப் பக்கமும் தலைக்கு மேலும் மட்டும் உயரமாகக் கட்டுங்கள். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே வெப்பம் தேங்கும். வலைக்குக் கீழே கீரையும் நாற்றும் இருக்கட்டும். மல்லிகையை வெளியே விடுங்கள், அது வெயிலுக்குப் பூப்பது. நிழலில் வைத்தால் இலை மட்டும் தழைக்கும்.

மாலைக் காபியிலும் ஒரு திருத்தம் சொல்ல ஆசிரியனுக்கு உரிமை உண்டு. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைத் தளம் பொழுது சாய்ந்த பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். நாலரை மணிக்கே உட்கார்ந்தால் கீழிருந்தும் வேகும். சூரியன் மறைந்ததும் உங்கள் கணவரைத் தளத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். தெளித்த நீர் ஆவியாகும்போது தளத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இதற்கு அந்தக் கழிவு நீர் தாராளமாக ஆகும். பிறகு டம்ளரோடு உட்காருங்கள். மல்லிகை மொட்டு அவிழ்வதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் என்பதால், காபி மணம் பெரிதா, பூ மணம் பெரிதா என்று நீங்கள் இருவரும் இருட்டும்வரை வாதிடலாம்.

மே விடுமுறைக்கு மகன் வந்தால், முள்ளுக்கத்திரி பறிக்கும் வேலையை அவருக்கே கொடுங்கள். அந்தச் செடிக்குக் காம்பிலும் இலையிலும் முள் உண்டு என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.