நடனமா, கணினியா என்று கேட்கும் ஓர் அம்மாவுக்கு

உங்கள் மகள் பத்து வருடமாக நடனம் கற்கிறாள், நாடகக் குழுவிலும் இருக்கிறாள். இப்போது மரபுக் கதைகளைத் திரையில் ஓடும் உருவங்களோடு சேர்ந்து ஆட வேண்டும் என்கிறாள். "இதை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். மேடை வருமானத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்தத் துறையில் குறைவு.

ஆனால் இது நேற்று முளைத்த ஆசை இல்லை. 1890களிலேயே அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் பட்டுத்துணியைச் சுழற்றி, அதன்மேல் வண்ண விளக்கு பாய்ச்சி ஆடினார்; தன் மேடை உத்திகளுக்குக் காப்புரிமையும் வாங்கினார். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999இல், எண்பது வயதில், மோஷன் கேப்சரில் (உடல் அசைவைக் கணினியில் பதியும் முறையில்) எடுத்த உருவங்களைத் தன் குழுவோடு மேடையில் உலவவிட்டார். கதக் பயின்ற அக்ரம் கான் 2011இல் 'தேஷ்' படைப்பில், பெற்றோரின் வங்கதேசத்தை அனிமேஷன் காட்சிகளுக்குள் நின்று ஆடிக் காட்டினார்.

சரி, எதை முதலில் படிப்பது? நடனப் பயிற்சியை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவிகள் சீக்கிரம் மாறிவிடும். மேடைக் கலைஞர்கள் ஆசையாக வாங்கிய, உடல் அசைவைக் கண்டறியும் கினெக்ட் கேமரா 2010இல் வந்தது, 2017இல் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. மென்பொருளை முப்பது வயதிலும் கற்கலாம். உடம்பு அவ்வளவு காலம் காத்திருக்காது.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். மோஷன் கேப்சரில் மூட்டுக்கு மூட்டு ஒளி பிரதிபலிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைப்பார்கள். இரண்டு கையும் குறுக்கே வரும்போது சில உருண்டைகள் மறைந்துவிடும். அந்த இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும். திரையில் கை அழகாகத்தான் தெரியும். மோதிர விரல் மடங்க வேண்டிய இடத்தில் நீண்டு நிற்கிறது, முத்திரையே மாறிவிட்டது என்பது பயின்ற கண்ணுக்குத்தான் படும். உங்கள் மகளின் பிழைப்பு அந்தக் கண்ணில் இருக்கிறது. அருங்காட்சியகம், கேம் ஸ்டுடியோ, நடன ஆவணக் காப்பகம் என்று அந்தக் கண் தேவைப்படும் இடங்கள் மேடைக்கு வெளியேயும் உண்டு.

அதனால் பட்டப்படிப்புக்கு நடனமோ நாடகமோ எடுக்கட்டும். கூடவே மேடை ஒளியமைப்பு, புரொஜெக்ஷன், மேடைத் திரைக்காட்சிகளை உருவாக்கி ஓட்டும் டச் டிசைனர் போன்ற ஒரு மென்பொருள் என்று ஏதாவது ஒன்றையாவது கூலி வாங்கும் அளவுக்குக் கற்கட்டும். மாதச் செலவைப் பெரும்பாலும் இதுதான் தாங்கும்.

அப்புறம், மரபுக் கலையைப் பதிவு செய்யும்போது அதைக் கட்டிக்காத்த மூத்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், பெயர் போட வேண்டும், பணம் வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். இதை இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள். இதில் தவறியவர்களை எனக்குப் பிடிக்காது, துறையும் எளிதில் மறக்காது.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் பத்து நிமிடப் படைப்பு ஒன்றை முடிக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சுவர், ஒரு வாடகை புரொஜெக்டர், இரண்டு நண்பர்கள் போதும். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் படமெடுக்கட்டும். முதல் ஆளாக நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.