பூம்பாறை முகாமுக்கு அந்தக் கத்தி வேண்டாம்

7 அங்குல அலகு, 5 மில்லிமீட்டர் தடிமன், முதுகில் ரம்பப் பல், பொந்துக் கைப்பிடிக்குள் தீப்பெட்டியும் தூண்டில் நூலும். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில், நண்பரின் தோட்டத்தில் முகாம் போட இந்தக் கத்தியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க.

கைப்பிடிதான் முதல் பிரச்சினை. உள்ளே பொந்து என்றால் அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் செருகும் பகுதி, நீளமாக இறங்காது. மொத்த பாரமும் அலகும் கைப்பிடியும் சேரும் கழுத்தில்தான் விழும். நான் வைத்திருந்த அப்படி ஒன்று, மன்னவனூர்ப் பக்கம் சீகை விறகைப் பிளக்கும்போது கழுத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. இன்னொரு அடி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! வால் கைப்பிடியின் கடைசிவரை ஓடும் 'ஃபுல் டேங்' கத்தியாகப் பாருங்கள்.

5 மில்லிமீட்டர் கடப்பாரைக்குச் சரி. குச்சி சீவ, வெங்காயம் நறுக்க 4 அங்குலமும் 3 மில்லிமீட்டரும் போதும். முதுகு தட்டையாக இருந்தால்தான் அலகை விறகில் வைத்து முதுகைக் கட்டையால் தட்டிப் பிளக்க முடியும். ரம்பப் பல் கட்டையைத்தான் கடித்துக் குதறும்.

கொடைக்கானல் பனியில் 1095 மாதிரி கார்பன் ஸ்டீல் துடைக்காமல் விட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும். ஈரமான தோல் உறையில் போட்டால் இன்னும் மோசம். சோம்பேறிகளுக்கு (எனக்கும்) 12சி27 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. பெரிய விறகுக்குத் தோட்டத்து அரிவாள் இருக்கவே இருக்கிறது.

அப்புறம், தோட்டத்தைத் தாண்டிச் சரணாலயக் காட்டுக்குள் கத்தியோடு போகாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி கத்தியும் ஆயுதம்தான். எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும்.