சுழற்சிப் பயிற்சியில் சேரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரி முடிக்கப் போகிறேன். கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. ஒன்று, நிதிப் பிரிவில் நேரடி வேலை. இன்னொன்று, இரண்டு வருஷ டிரெயினி திட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று நாலு இடம் மாற்றுவார்களாம். எதை எடுப்பது?

எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று இப்போதே தெரியுமா? முதலில் அதைப் பாருங்கள். நிதி வேலைதான் என்று மனசு உறுதியாகச் சொன்னால், நேரடி வேலையை எடுங்கள். இரண்டு வருஷம் கழித்து, அந்த வேலையில் இருப்பவருக்கு மாதக் கணக்கு முடிப்பது, ஆடிட்டர் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் கைவந்த கலையாகியிருக்கும். நாலு இடம் சுற்றிய டிரெயினிக்கு அந்த ஆழம் வந்திருக்காது. அது உண்மையான இழப்பு. தெரிந்தே சேருங்கள்.

இன்னும் தெரியவில்லை என்றால் சுழற்சித் திட்டம் நல்ல வழி. ஒரு ஆர்டர் விற்பனையில் பிறந்து, உற்பத்தி, கிடங்கு வழியாகப் போய், கடைசியில் பணமாக எப்படி வந்து சேர்கிறது என்பதை இருபத்து மூன்று வயதில் முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கேயும் சுலபமாகக் கிடைக்காது.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுழற்சி எதற்குள் நடக்கிறது? ஜெனரல் எலெக்ட்ரிக் 1919-ல் தொடங்கிய நிதி மேலாண்மைத் திட்டம் ரொம்பப் பழையது. அதில் ஊர் மாறும், நிறுவனத்தின் எந்த வியாபாரப் பிரிவு என்பது மாறும், ஆனால் வேலை நிதி வேலையாகவே இருக்கும். கூகுள் 2002-ல் தொடங்கிய ஏ.பி.எம். (அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர்) திட்டமும் அந்த வகைதான். அனுபவசாலிகளை வெளியிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக, புதுப் பட்டதாரிகளையே ப்ராடக்ட் மேனேஜர்களாக வளர்க்க, அப்போது கூகுளில் இருந்த மரிசா மேயர் அதை ஆரம்பித்தார். அங்கே டீம் மாறும், வேலை மாறாது. விற்பனை, ஆலை, எச்.ஆர்., நிதி என்று முற்றிலும் வேறு வேறு துறைகளுக்கு அனுப்புகிற திட்டங்கள் இன்னொரு ரகம். 1956-ல் ஜே.ஆர்.டி. டாடா கொண்டுவந்த டாடா அட்மினிஸ்ட்ரேட்டிவ் சர்வீஸ் இந்தப் பக்கம் சேரும். முதல் வகையில் ஆழமும் ஓரளவு கிடைக்கும். இரண்டாவது வகை பொது மேலாளர்களை உருவாக்குவதற்காக வைத்தது. உங்களுக்கு வந்த ஆஃபர் எந்த வகை என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம், “இதற்கு முந்தைய இரண்டு பேட்ச் ஆட்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்?” என்று எச்.ஆரிடம் கேளுங்கள். நல்ல திட்டம் நடத்துகிறவர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கேள்வி: அசெஸ்மென்ட் சென்டர் என்ற தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க நடக்குமாம். குழு விவாதத்தில் யார் அதிகம் பேசுகிறாரோ அவரைத்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். நான் அவ்வளவாகப் பேசாதவள்.

கவலையே வேண்டாம். இந்தத் தேர்வு முறையின் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. 1942-லிருந்து பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க, தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனித்தது. 1956-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. இதே பாணியைத் தன் மேலாளர்களை ஆராயப் பயன்படுத்தியது. இன்றைக்கு உங்கள் முன்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். நீங்கள் எத்தனை வார்த்தை பேசினீர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் பேசியதால் விவாதம் ஒரு படி நகர்ந்ததா என்று பார்க்கிறார்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். பத்து நிமிஷம் போனதும், “இதுவரை மூன்று யோசனை வந்திருக்கிறது. இரண்டாவதற்குச் செலவு அதிகம் என்று நாம் எல்லோருமே சொல்லிவிட்டோம். மீதி இரண்டில் முடிவு எடுப்போமா?” என்று கேளுங்கள். அந்த ஒரு பேச்சு, இருபது தடவை குறுக்கே புகுந்து பேசுவதைவிட மேல். பேச இடம் கிடைக்காமல் இருப்பவரைப் பார்த்து, “நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே” என்று கேட்பதும் நல்லது. ஆனால் உண்மையாகவே அவர் சொல்வதைக் கேட்கும் எண்ணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். மதிப்பெண்ணுக்காகச் செய்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

குவிந்து கிடக்கும் மெயில்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் பயிற்சியும் இருக்கும். எல்லாவற்றையும் முதலில் ஒரு தடவை படித்துவிட்டு அப்புறம் பதில் எழுத உட்காருங்கள். முதல் மெயிலை ரத்து செய்கிற தகவல் கடைசி மெயிலில் இருக்கக்கூடும்.

கேள்வி: திட்டத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கணக்குப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. பிபிடி அழகுபடுத்தச் சொல்கிறார்கள், மீட்டிங் குறிப்பு எடுக்கச் சொல்கிறார்கள். “டிரெயினிதானே, இரண்டு மாதத்தில் போய்விடுவார்” என்று காதுபடவே பேசுகிறார்கள். நொந்துபோயிருக்கிறேன்.

இந்தத் தபாலுக்காகவே இந்த முறை கேள்வி-பதில் எழுத உட்கார்ந்தேன். எல்லா டிரெயினிகளுக்கும் ஏதாவது ஒரு பிரிவில் இது நடக்கிறது. உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல இது.

அவர்கள் பக்கமும் பாருங்கள். ஆறு மாதத்தில் போகப் போகிறவருக்கு முழு வேலையைச் சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது அவர் கிளம்பிவிடுவார். மறுபடி அடுத்தவருக்கு முதலிலிருந்து. அந்தக் களைப்பில்தான் பிபிடி உங்கள் மேஜைக்கு வருகிறது. பெரிய ப்ராஜெக்ட் கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. அவர்களைத் தினமும் குடைகிற சின்னத் தொல்லை ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க அனுமதி கேளுங்கள்.

கணக்குப் பிரிவு என்கிறீர்கள். அங்கே பணம் கொடுக்க முடியாமல் நிற்கும் சப்ளையர் பில்கள் கண்டிப்பாக இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த பதிவு, சப்ளையரின் பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் சிஸ்டம் பணத்தை விடும். ஒன்று பிசகினாலும் பில் நின்றுவிடும். அந்தப் பில்களைப் பார்க்கிற சீனியர் யாரோ அவர் பக்கத்தில் ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்காருங்கள். நின்றுபோன ஒவ்வொரு பில்லையும் ஒரு எக்செலில் போடுங்கள்: எந்தச் சப்ளையர், எவ்வளவு நாளாக நிற்கிறது, எது ஒத்துப்போகவில்லை, கடைசியில் யார் எப்படித் தீர்த்தார்கள்.

பாதி பில்களுக்குக் காரணம் ஒன்றாகவே இருக்கிறது என்று பத்தாம் நாள் தெரியவரலாம். ஆர்டரில் அளவு பெட்டிக் கணக்கில் இருக்கும், கிடங்குக்காரர் எண்ணிக்கைக் கணக்கில் பதிந்திருப்பார். பத்துப் பெட்டி ஒரு பக்கம், நூற்று இருபது பாட்டில் இன்னொரு பக்கம். சரக்கு சரியாகத்தான் வந்திருக்கும், சிஸ்டத்துக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. இப்போது கிடங்குக்கு நடந்து போங்கள். பதிவு போடுகிறவரிடம் அவருடைய திரையைக் காட்டச் சொல்லுங்கள். அளவு என்ற கட்டத்தில் தானாக என்ன வந்து நிற்கிறது என்று பாருங்கள். அதைச் சரிசெய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அப்புறம் ஒரே பக்கத்தில் எழுதி, அந்த சீனியர் பெயரையும் சேர்த்து, மேலாளரிடம் கொடுங்கள்.

இரண்டு மாதத்தில் இதைத் தாராளமாக முடிக்கலாம். நீங்கள் போன பிறகும் அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சுழற்சியில் போகிற ஒவ்வொரு இடத்திலும் இப்படி முடித்த வேலை ஒன்று, ஒன்றே ஒன்று, இருந்தால் போதும் என்பது என் கருத்து. அரைகுறையாக நிற்கும் ஐந்து வேலையை அடுத்த டிரெயினி தலையில் கட்டிவிட்டுப் போகிறவரை யாருக்கும் நினைவிருக்காது.

பிபிடியையும் செய்துகொடுங்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். அதில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கிற உரிமை, அதைச் செய்கிறவருக்குத்தான் கிடைக்கிறது.

கேள்வி: இன்ஜினீயரிங் படித்தவன். இரண்டாவது சுழற்சியில் விற்பனைக்குப் போகச் சொல்கிறார்கள். மறுத்துவிடலாமா?

வேண்டாம், போங்கள். ஒரு வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக “உங்கள் பொருள் வேண்டாம்” என்று சொல்வதைக் கேட்ட இன்ஜினீயர், அப்புறம் டிசைன் மேஜைக்குத் திரும்பும்போது வேறு ஆளாகத் திரும்புவார். உடல்நிலையோ குடும்பச் சூழலோ இடம் கொடுக்கவில்லை என்றால் அது வேறு. அதை எச்.ஆரிடம் வெளிப்படையாகச் சொல்லி வரிசையை மாற்றித் தரக் கேட்கலாம்.

கேள்வி: ஆஃபர் லெட்டரோடு பாண்ட் ஒன்றும் வந்திருக்கிறது. பயிற்சிக்குப் பிறகும் சில காலம் வேலை செய்ய வேண்டுமாம், இடையில் போனால் பணம் கட்ட வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?

பாண்ட் இருப்பதாலேயே மோசமான நிறுவனம் என்று ஆகிவிடாது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? இந்த ஒரு வித்தியாசத்தில் இரண்டு வருஷம் நாலு வருஷமாகிவிடும். கட்ட வேண்டிய தொகை மாதம் ஆக ஆகக் குறைகிறதா, கடைசி நாள் வரை அப்படியே நிற்கிறதா? நிறுவனமே உங்களை அனுப்பினால், அல்லது பயிற்சி முடிந்தும் வேலை கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இது எழுத்தில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் நான் அந்த இடத்தில் சேரச் சொல்ல மாட்டேன். இதில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஆகவே தொகை பெரிதாக இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு மேலாளர். ஒருவர் “அருமை” என்கிறார், அடுத்தவர் “சுமார்” என்கிறார். எதை நம்புவது?

இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது மாதமே, “இப்போதைக்கு என்னிடம் எது குறைகிறது?” என்று கேட்டுவிட்டால், ஆறாவது மாதம் அதிர்ச்சி இருக்காது. இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் அது உங்களுடையது. ஒருவர் மட்டும் சொன்னால், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: கடைசி சுழற்சியில் இருக்கிறேன். எங்கே நிரந்தரமாகப் போக ஆசை என்று வரிசைப்படுத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் விருப்பம் கிடைக்க என்ன செய்யலாம்?

அந்தப் பட்டியல் உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் விஷயம் முடிவாகத் தொடங்கியிருக்கும். பயிற்சிக் காலத்தில் டிரெயினிகளின் சம்பளம் பல நிறுவனங்களில் ஒரு பொதுக் கணக்கிலிருந்து போகிறது. அதாவது உங்களை வைத்திருக்கும் பிரிவுக்கு நீங்கள் இலவசம். பயிற்சி முடிகிற அன்றைக்கு அந்த நிலைமை மாறுகிறது. ஏதோ ஒரு மேலாளர் தன் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து உங்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அவரிடம் காலியிடம் வேண்டும், அதில் உங்களைப் போட மனசும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பட்டியலில் முதலில் எழுதியதால் ஒன்றும் ஆகாது.

காலியிடம் உங்கள் கையில் இல்லை, ஆனால் தெரிந்துகொள்ளலாம். நிறுவனம் அடுத்த வருஷ பட்ஜெட் போடுகிற சமயம் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே அந்த மேலாளரிடம் போங்கள். சுற்றி வளைக்காமல் பேசுங்கள்: “பயிற்சி முடிந்ததும் உங்கள் டீமில் வேலை செய்ய விரும்புகிறேன். அடுத்த வருஷம் இடம் இருக்குமா? இருந்தால், அதற்கு நான் இன்னும் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?” டிரெயினிகள் பலர் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். யார் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிவது அந்த மேலாளருக்கும் பெரிய உதவிதான்.

மனசு விஷயத்தில், அவர் செய்கிற முதல் காரியம் உங்களுடைய பழைய மேலாளர்களிடம் இரண்டு வார்த்தை விசாரிப்பது. அங்கேதான் நீங்கள் விட்டுவந்த அந்த முடித்த வேலை பேசும். “நல்ல பையன், சுறுசுறுப்பு” என்பது எல்லா டிரெயினிக்கும் சொல்கிற வார்த்தை. “பில் தேக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, கிடங்கில் பேசி, சரிசெய்துவிட்டுப் போனார்” என்றால் அது உங்கள் ஒருவரைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடியது.

முதல் விருப்பம் கிடைக்காமலும் போகலாம். அப்போது மிச்சம் இருப்பவற்றில் பிரிவின் பெயரைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கற்றுக்கொடுக்கிற ஒருவரிடம் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு, உள் மாறுதல் கேட்டு விரும்பிய இடத்துக்குப் போவது நடக்கிற காரியம்தான்.

கேள்வி: மென்டர் என்று ஒரு மூத்த அதிகாரியைக் கொடுத்திருக்கிறார்கள். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

உங்கள் மேலாளரிடம் கேட்க முடியாததைக் கேளுங்கள். இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, இந்த நிறுவனத்தில் முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்படுகின்றன, இந்த மாதிரி. கேள்வியை முந்தின நாளே மெயிலில் அனுப்பிவிடுங்கள். அவரும் யோசித்துவிட்டு வருவார்.

கேள்வி: மூன்று நிறுவனங்களின் டிரெயினி திட்டத்துக்கும் விண்ணப்பித்தேன். மூன்றும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு சாதாரண வேலையில் இருக்கிறேன். அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. பல பிரிவுகளைப் பார்க்கிற வாய்ப்பு சாதாரண வேலையிலும் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். புது சாஃப்ட்வேர் போடும் ப்ராஜெக்ட், வருஷாந்திரக் கையிருப்புக் கணக்கெடுப்பு, ஆடிட், வாடிக்கையாளர் புகார்களை அலசும் குழு: நாலு பிரிவுக்காரர்கள் ஒரே மேஜையில் உட்காரும் இடங்கள் இவை. உங்கள் பிரிவின் சார்பாக யாராவது போக வேண்டும் என்று பேச்சு வந்ததும் கையைத் தூக்குங்கள். மற்றவர்கள் அதைக் கூடுதல் சுமை என்று நினைப்பதால் போட்டியே இருக்காது.

மறுபடி விண்ணப்பிக்கவும் செய்யுங்கள். பல திட்டங்களில் பட்டம் பெற்று ஓரிரு வருஷத்துக்குள் இருப்பவர்களை மட்டுமே எடுப்பார்கள், ஆகவே தகுதிப் பகுதியில் எந்த வருஷம் முடித்தவர்கள் என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்றால், இந்த முறை விண்ணப்பத்தில் கல்லூரி ப்ராஜெக்ட்டைக் கீழே தள்ளிவிட்டு, இப்போதைய வேலையில் நீங்கள் முடித்துக் கொடுத்த ஒன்றை மேலே எழுதுங்கள்.