வளர்ந்தபின் நீச்சல் கற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 41 வயது. நீச்சல் வகுப்பில் உடன் கற்பவர்கள் எல்லாரும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் மிதக்கும்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கம் வரத்தான் செய்யும், அதற்காக வகுப்பை விட்டுவிடாதீர்கள். மூழ்கிவிடுவோமோ என்ற பயம் பெரியவர்களுக்குத்தான் அதிகம். அந்தப் பயத்தில் கழுத்து இறுகித் தலை மேலே எழும்புகிறது. உடனே கால் தாழ்ந்துவிடுகிறது. இது பழகப் பழகச் சரியாகும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் எக்குவடோரியல் கினியாவின் எரிக் முசாம்பனி 100 மீட்டரை 1 நிமிடம் 52.72 விநாடியில் நீந்தினார். தங்கம் வென்றவருக்கு ஆனதைப்போல் இரு மடங்குக்கும் மேல்! அவர் நீச்சல் பழகத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். 50 மீட்டர் குளத்தை அதற்குமுன் பார்த்ததும் இல்லை. கை கால் ஓய்ந்த நிலையிலும் மறுமுனையைத் தொட்டார். பின்னாளில் தம் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார்.

கேள்வி: தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். தண்ணீரில் பாதிக் குளம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. ஏன்?

பதில்: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். கரியமில வாயு உள்ளே தேங்குவதால்தான் அந்தத் தவிப்பு. தலையைத் திருப்பும் அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்க முடியாது. ஆகவே வெளிமூச்சு முழுவதும் தண்ணீருக்குள்ளேயே முடிய வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கம்பியைப் பிடித்து, முகத்தை அமிழ்த்தி, மூக்கு வழியாகக் குமிழ்கள் சீராக வரும்படி ஊதுங்கள். வாயை மட்டும் மேலே கொண்டுவந்து காற்றை வாங்குங்கள். ஒரு வாரம் இதைத் தவிர வேறெதுவும் செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை. கையும் காலும் அப்புறம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: சிறுவயதில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் குடுவை) கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியவன் நான். இங்கே பயிற்சியாளர் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். மனம் ஒப்பவில்லை.

பதில்: ஆழத்துக்கு அஞ்சாத மனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் தலையை வெளியே நீட்டியே நீந்தியிருப்பீர்கள். சில கை வீச்சில் படி வந்துவிடும் என்பதால் அது போதுமானதாக இருந்தது. நீண்ட குளத்தில் அதே முறை கழுத்தையும் இடுப்பையும் வருத்தும். பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர்களைவிட விரைவாகவே பிடித்துக்கொள்வீர்கள்.

கேள்வி: பெண்கள் சுடிதாருடன் இறங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன.

கேள்வி: ஆழமில்லாத பக்கம் நன்றாக நீந்துகிறேன். ஆழமான பக்கம் போனால் உடல் நடுங்குகிறது.

பதில்: சுவரை ஒட்டிய தடத்திலேயே நீந்துங்கள், கைநீட்டினால் விளிம்பு எட்ட வேண்டும். ஆழப் பகுதிக்குப் போகுமுன் மல்லாந்து மிதக்கப் பழகியிருப்பது அவசியம். களைத்தால் புரண்டு படுத்து மூச்சு வாங்கலாம் என்று தெரிந்தபின் நடுக்கம் வெகுவாகக் குறையும். அதுவரை உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் இறங்காதீர்கள்.